அறுபது அடி

கச்சிராயபாளையத்தில் யாருடைய போர்வெல்லும் அறுபது அடிக்கு மேல் ஆழம் கிடையாது. நம்பாதவர்கள் எந்த ஆபீசுக்கு வேண்டுமானாலும் போய் ரிஜிஸ்டரைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். கோமுகி அணை வாய்க்கால் எட்டாத மேட்டுக்கொல்லையில் முந்நூறு அடி இறக்கி வெறும் புழுதியை மட்டும் பார்த்தவனும் அறுபது என்றுதான் சொல்வான். நூற்றெழுபதில் ஊற்று பீய்ச்சி அடித்து, போர் லாரிக்காரனே சட்டையைக் கழற்றிப் பிழியும்படி ஆனவனும் அறுபது என்றுதான் சொல்வான். கரியாலூர் மலையில் மழை கூடினாலும் குறைந்தாலும் கீழே இருக்கிற எங்கள் ஊர்க் கணக்கு மட்டும் மாறுவதே இல்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ரொம்ப வருசத்துக்கு முன்னால் ஜீப்பில் வந்த யாரோ ஒரு ஆபீசர் கொல்லை கொல்லையாக நின்று ஆழம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அடுத்த வருசம், நூறுக்கு மேல் சொன்ன நாலைந்து பேருக்குப் புது மோட்டார் கனெக்சன் தள்ளிப்போனது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று பிற்பாடு விவரம் தெரிந்தவர்கள் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்கள். ஊர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அது போக, உண்மையான ஆழத்தைச் சொன்னால் பக்கத்துக் கொல்லைக்காரன் இருபது அடி கூட இறக்கி நம் தண்ணீரை இழுத்துக்கொள்வான். ஆகவே கேட்டது யாராக இருந்தாலும் பதில் அறுபது. போர் போடுகிறவர்கள்கூட இங்கே பைப்பை வாய்க்குள்ளேதான் எண்ணுவார்கள்.

அந்தப் பழக்கத்தில்தான் தீனதயாளன் அன்றைக்குப் போனில் பதில் சொன்னார்.

கரும்புக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை சேறு. தங்கை தேவிப்ரியா சென்னையிலிருந்து கூப்பிட்டாள். தெருவுக்கு அடியில் சுரங்கம் தோண்டி ரயில் விடப் போகிறார்களாம், வாசலில் இரண்டு பேர் அட்டையும் பேனாவுமாக நிற்கிறார்கள் என்றாள். வீடு கட்டி எத்தனை வருசம், எத்தனை மாடி, சுவரில் ஏற்கெனவே விரிசல் உண்டா என்றெல்லாம் கேட்டதற்கு அவளே பதில் சொல்லிவிட்டாள். ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

"ண்ணா, போரு எத்தினி அடின்னு கேக்கறாங்க. இன்னா சொல்லட்டும்?"

"அறுவதுன்னு சொல்லு."

யோசிக்கவே இல்லை. பேர் கேட்டால் பேர் சொல்வது போலச் சொல்லிவிட்டு மடையை அடைக்கப் போய்விட்டார். தங்கை வீட்டில் அந்த போர் போட்ட நாளில் காலையிலிருந்து பொழுது சாயும் வரை பக்கத்திலேயே நின்று அடி எண்ணியவர் அவர்தான். சரியாக இருநூறு அடி. நூற்றுத் தொண்ணூறில் மோட்டார் தொங்குகிறது. அது அவருக்கு உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும். தெரிந்தது மனசில் இருக்க, வாய் ஊர்ப் பேச்சைப் பேசியது. தேவிப்ரியா அறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அண்ணன் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்க்காலை ஒட்டி இருந்த ஒன்றரை ஏக்கர் தேவிப்ரியாவின் பங்கு. அவள் கல்யாணமாகிப் போன பிறகு அதை விற்றுத்தான் சென்னையில் அந்தச் சின்ன வீட்டை வாங்கினார்கள். மாப்பிள்ளை குடிகாரன். அவள் பேரில் இருந்தால் இரண்டே வருசத்தில் விற்றுத் தின்றுவிடுவான் என்று பயந்து, பத்திரத்தைத் தீனதயாளன் தன் பேரில் பதிவு செய்தார். பயந்தது சரிதான். மாப்பிள்ளை ஒரு நாள் எங்கேயோ போனவன் போனவன்தான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் வீட்டின் முன்னறையில் இட்லிக் கடை போட்டாள். அந்த போர்த் தண்ணீரில்தான் மாவு அரைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். உலகத்தில் அவளுக்கென்று இருப்பது அந்த வீடு ஒன்றுதான். அதுவும் அவள் பேரில் இல்லை.

கார்த்திகை பிறந்ததும் கவுஸ் பாஷா போன் செய்தார். அவர் கள்ளக்குறிச்சிக்காரர். கடைவீதியில் பைப்பும் மோட்டார் சாமானும் விற்ற குடும்பம். மகள் சபாவைச் சென்னையில் கட்டிக்கொடுத்த கையோடு தானும் அங்கே போய்க் கடை வைத்தார். தேவிப்ரியாவுக்கு வீட்டைப் பார்த்துச் சொன்னவரும் அவர், போருக்குப் பைப் கொடுத்தவரும் அவர். இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருக்கிறார்.

தெருவே கலங்கிக் கிடக்கிறது என்றார் பாய். மாடிவீட்டுக்காரர்களுக்குச் சுவர் வெடிக்குமோ என்று பயம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு, வீட்டுக்காரன் இதைச் சாக்கு வைத்துக் காலி பண்ணச் சொல்வானோ என்று பயம். பால்காரர் ஒருவர், அதிர்ச்சியில் மாடு கறக்காமல் போனால் யார் பதில் சொல்வது என்று கூட்டத்திலேயே எழுந்து கேட்டாராம். எல்லாக் கேள்விக்கும் அதிகாரிகள் படம் போட்டுக் காட்டிப் பதில் சொன்னார்கள், மாட்டுக்கு மட்டும் அவர்களிடம் படம் இல்லை என்று பாய் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"ரயிலு எழுவது அடிக்குக் கீழ போவுது தீனா. அதுக்கு மேல ஆழம் இருக்கற போரை எல்லாம் சொரங்கம் தோண்டற மிசின் வர்றதுக்கு முன்னாடியே சிமெண்ட் பால் ஊத்தி அடைச்சிருவாங்க. அடைக்காத போர்ல மிசின் போய் முட்டுச்சுன்னா, அழுத்தம் மொத்தமும் அந்த ஓட்டை வழியா மேல வந்துரும். சேறு பொங்கி வூட்டுத் தரை கீழ எறங்கிரும். வேற ஊர்ல ஒரு வூடு அப்பிடிப் போன படத்தை நானே பாத்தேன். இப்ப அடைக்கப் போற வூட்டு லிஸ்ட் ஒட்டிட்டாங்க. நான் நூத்தி எம்பதுன்னு எழுதிக் குடுத்தேன், என் வூடு அதுல இருக்கு. உங்க வூடு இல்ல. நான் குடுத்த பைப்பு எப்பிடி அறுவது அடி ஆச்சுனு எனக்குப் புரியவே இல்ல."

தீனதயாளனுக்குப் புரிந்தது. திருத்தம் சொல்ல வேண்டுமானால், பத்திரத்தில் பேர் உள்ளவரே அசல் பத்திரத்தோடு நேரில் வர வேண்டும், கடைசி நாள் வரும் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி என்றார் பாய்.

அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை கரும்புக்கு வெட்டு முறை வந்திருந்தது. ஆலைக்காரன் கொடுத்த நாளில் வெட்டி ஏற்றாவிட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்று ஆண்டவனுக்கும் தெரியாது. திங்கள் வெட்டி ஏற்றிவிட்டு, செவ்வாய் விடியற்காலை முதல் பஸ்ஸில் போனால் மத்தியானம் சென்னை. அதில் தப்பே இல்லை. மனைவி அம்சவள்ளியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

செவ்வாய்க்கிழமைக்கு வேறொரு விசேஷமும் இருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் எல்லாரும் சென்னைக்குப் போகிற நாள் அது. ஒரு மாதமாகவே ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. தீனதயாளனும் வடக்கனந்தல் கூட்டத்துக்குப் போய்வந்தார், நோட்டீஸ் கொடுத்தார், வேனுக்குப் பணமும் கொடுத்தார். அவர் மகள் மணிமொழிக்கு நர்சிங் சீட்டு அரை மார்க்கில் போனது. அரை மார்க்கு என்றால் என்ன என்று அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த ஆத்திரம் அவருக்கு உண்டு, அதில் பொய் ஒன்றும் இல்லை.

மணிமொழிதான் முதல் நாளே சொன்னாள், ரோட்டை மறிப்பார்கள் அப்பா, இன்றைக்கு ராத்திரியே போய்விடு என்று. கரும்பு லாரி நகரவே இருட்டிவிட்டது, உடம்பும் அசந்திருந்தது. நம்ம ஆளுங்கதானே, விஷயத்தைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றார் அவர்.

உளுந்தூர்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. காலை மணி ஒன்பது. சென்னைக்குப் போன வேன்களைப் போலீஸ் தடுத்திருக்கிறது. தடுத்த இடத்திலேயே வந்தவர்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தீனதயாளன் பத்திரத்தைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு, நின்ற வண்டிகளை ஒட்டி ஒரு மைல் நடந்தார். முன்னால் போய்ப் பார்த்தால், ரோட்டின் நட்டநடுவில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறவர் சுப்புராயன். வடக்கனந்தல்காரர், அம்சவள்ளியின் அக்காள் புருசன். தீனதயாளனுக்கு உயிரே வந்தது போல இருந்தது.

தங்கச்சி வீடு, போர், ஐந்து மணி எல்லாவற்றையும் சகலையிடம் மூச்சுவிடாமல் சொன்னார். என் பஸ் ஒன்றை மட்டும் விடச் சொல்லுங்கள் என்று கையைப் பிடித்தார். சுப்புராயன் நல்ல மனுசன். கையை உதறவில்லை, பிடித்தபடியே பேசினார்.

"ஆம்புலன்ஸை வுட்டோம். ஒரு பிரசவ வண்டியை வுட்டோம். ஒன் பஸ்ஸை வுட்டா, பின்னாடி நிக்கற முந்நூறு வண்டிக்காரனும் வந்து ஒரு காரணம் சொல்லுவான் சகல. அவனவன் காரணம் அவனவனுக்கு நாயந்தான். அப்பறம் இங்க எதுக்கு உக்காந்துக்கினு இருக்கோம்? எம் பையன் படிப்ப முடிச்சுட்டான். இது ஒம் பொண்ணுக்காவ."

மணிமொழி பேரைச் சொல்லி உட்கார்ந்திருக்கிறவரிடம், எழுந்திரு, எனக்கு வழி விடு என்று எந்த நாக்கால் சொல்வது? தீனதயாளன் பைக்கில் யாராவது கொண்டுபோய் விடுவார்களா என்று விசாரித்தார். பைக்கையும் விடவில்லை. குறுக்கு வழி என்று யாரோ காட்டிய மண்ரோட்டிலும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. கடைசியில் சகலை தன் துண்டில் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்துகொண்டு, நிற்காதே, உட்கார் என்றார். உட்கார்ந்தார். பின்னால் இருந்தவர்கள் அவரையும் போராட வந்தவர் என்றே நினைத்து, தண்ணீர் பாக்கெட்டும் புளிசாதமும் கொடுத்தார்கள். கோஷம் போட்டபோது அவரும் போட்டார். மனசாரத்தான் போட்டார். போட்டுவிட்டு மணி பார்த்தார். தன் பஸ்ஸைத் தானே மறித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருக்கிற முட்டாள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்தபோது, அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இடையில் தேவிப்ரியாவுக்குப் போன் செய்து, நீ போய்க் கொஞ்சம் தவணை கேட்டுப் பார் என்றார். அவள் கடையைச் சாத்திவிட்டு பாயைக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்காரர் எங்கே, அசல் பத்திரம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் இரண்டரைக்கு ரோடு திறந்தது. பஸ் சென்னைக்குள் போய்ச் சேரும்போது ஏழு மணி. ஆபீஸ் கேட்டில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். போராட்டத்தால் கடைசி நாளைத் தள்ளி வைத்திருக்கிறார்களா என்று கேட்டதற்கு, எந்தப் போராட்டம் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

மறுநாள் காலை ஆபீஸ் திறக்கிறபோதே தீனதயாளன் அங்கே நின்றார். பாயும் கூட வந்தார். உள்ளே இருந்த இன்ஜினியர் ஒரு பெண். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்ணை வைத்துப் பார்த்தால் முப்பது வயசுகூட இருக்காது. உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மரியாதையான பெண். அவரிடம் தீனதயாளன் இருந்தது இருந்தபடி சொன்னார்.

"தெரியாம சொல்லலீங்க. தெரிஞ்சேதான் பொய் சொல்லிட்டேன். எங்க ஊர்ல எல்லாருமே அறுவதுன்னுதாங்க சொல்லுவோம். அந்தப் பழக்கத்துல வாய்ல வந்துருச்சு. இருநூறு அடிங்க அது."

இன்ஜினியர் ஒரு பேப்பர்க் கட்டை எடுத்துக் காட்டினார். ஆழமான போர் உள்ள வீட்டுக்கெல்லாம் பெரிய தொகை கொடுக்கப் போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதிலிருந்து வந்து குவிந்த மனுக்கள் அவை.

"மூணு வாரத்துல இந்த ஏரியாவுல நாப்பத்தோரு போர் ஆழமாயிருச்சு சார். எல்லாரும் முதல்ல தப்பா சொல்லிட்டோம்னுதான் எழுதறாங்க."

பணம் வேண்டாம், எழுதிக் கொடுக்கிறேன், அடைத்துவிட்டால் போதும் என்றார் தீனதயாளன். எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள் என்றார் இன்ஜினியர். குத்திப் பேசவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். போர் போட்ட பில், பைப் வாங்கிய பில் எதாவது இருக்கிறதா என்று கேட்டார். தீனதயாளன் பாயைப் பார்த்தார். பாய் தரையைப் பார்த்தார். பில் இல்லாமல் போட்டுக் கொடுங்கள் பாய், கொஞ்சம் கம்மியாகும் என்று அன்றைக்குக் கேட்டவர் தீனதயாளன். கம்மியாகத்தான் கொடுத்தார் பாய். நானே விற்றேன் மேடம் என்று பாய் இப்போது சொன்னதற்கு, நீங்களும் அதே தெருதானே சார் என்று பதில் வந்தது.

எழுந்து போக மனசு வராமல் தீனதயாளன் உட்கார்ந்தே இருந்தார். தங்கை தனியாக இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் என்றார். கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், கடைசி நாள் முடிந்துபோனது, இருந்தாலும் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நானே வந்து டேப்பை இறக்கி அளந்து பார்க்கிறேன், ஆழம் இருந்தால் மேலே பேசி எப்படியாவது சேர்த்துவிடுகிறேன் என்றார். மோட்டாரை மட்டும் முன்கூட்டியே மேலே எடுத்து வைத்துவிடச் சொன்னார்.

அந்த இரண்டு நாளும் தீனதயாளன் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். டேப் பொய் சொல்லாது. அது இருநூறு என்று காட்டிவிட்டால் தான் சொன்ன பொய் ஒழிந்தது. தங்கையிடம் விளக்கமாகச் சொன்னார். போரை மூடிவிட்டால் தண்ணீருக்குக் குழாய் கனெக்சன் வாங்கித் தருவார்கள், கொஞ்ச நாள் சிரமம், வீடு தப்பித்துவிடும் என்றார். அவளும் முகம் தெளிந்து, அவர் இலையில் இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே மோட்டார் தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். போர் இருந்தது பின்பக்கம், சமையலறையை ஒட்டி. முக்காலி நட்டு, செயின் மாட்டி, இழுக்க ஆரம்பித்தார்கள். இரும்புப் பைப், ஒவ்வொன்றும் இருபது அடி. முதல் பைப் வந்தது. கழற்றி வாசலில் கிடத்தினார்கள். இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. ஒன்பது வருசத் துருவில் பைப் செதில் செதிலாக உரிந்தது. மெதுவாப்பா, மெதுவா என்று தீனதயாளன் சொல்லிக்கொண்டே இருந்தார். நாலாவது பைப் தலையை நீட்டியபோது, கவ்விப் பிடித்திருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே மரையில் விரிசல் ஓடுவதை அவரே பார்த்தார். பார்த்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் அது விட்டுவிட்டது.

மோட்டாரும் அதோடு நூற்று முப்பது அடி இரும்பும் உள்ளே போன சத்தம் வெகுநேரம் கேட்டது. பாதுகாப்புக்குக் கட்டியிருந்த நைலான் கயிறும் ஒயரும் சுருண்டு சுருண்டு அதன் பின்னாலேயே போய்விட்டன. தேவிப்ரியா கரண்டியோடு ஓடிவந்து நின்றாள். ஆட்கள் கொக்கி கட்டி இறக்கிப் பார்த்தார்கள். ஒயரில் சிக்கிப் பிய்த்துக்கொண்டு வந்ததே தவிர, பைப் அசையவில்லை. ஒரு மணி நேரம் முயன்று பார்த்து, இது இனி வராதுங்க, அடியில் உட்கார்ந்துவிட்டது என்று சொல்லி முக்காலியைப் பிரித்தார்கள்.

பதினோரு மணிக்குச் சொன்னபடி இன்ஜினியர் வந்தார். டேப்பின் நுனியில் ஈயக்கட்டி கட்டி இறக்கினார். தீனதயாளன் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது போனது, ஐம்பது போனது, அறுபது போனது. அறுபத்து நான்கில் தளர்ந்து நின்றது. இன்ஜினியர் தூக்கித் தூக்கி மூன்று தடவை போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் அறுபத்து நான்கு.

நடந்ததைத் தீனதயாளன் சொன்னார். மோட்டார் தூக்கின ஆட்களும் சத்தியம் செய்தார்கள். அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு வாசலில் கிடந்த பைப்புகளைப் போய்ப் பார்த்தார், காலடியால் நீளத்தை அளந்தார்.

"மூணு பைப் சார். இருபது இருபதா அறுபது. கணக்கு சரியாதானே இருக்கு?"

"மீதி உள்ள வுழுந்துருச்சுங்க. நாங்க இப்ப பாத்துக்கினு நிக்கும்போதே வுழுந்துச்சுங்க. அது ரயிலு போற எடத்துல நிக்குதுங்க."

கேமரா இறக்கிப் பார்க்க முடியுமா என்று, அவர்கள் கேட்காமலேயே இன்ஜினியர் மேலதிகாரிக்குப் போன் போட்டார். தேதி முடிந்துபோன ஒரு மனுவுக்கு, அதுவும் அளவே ஒத்துப்போகிறபோது, கேமராவுக்கு எழுத முடியாது என்று அந்தப் பக்கம் சொன்னது போலிருக்கிறது. சரிங்க சார், சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வைத்தார். கேமரா இறக்கினாலும் அந்த ஒயர்க் குப்பைக்கு மேலேதான் நிற்கும் என்று ஆட்களில் ஒருவர் முணுமுணுத்தார். அதையும் தீனதயாளன் கேட்டுக்கொண்டார்.

அறுபத்து நான்கு அடி என்று எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார் அந்தப் பெண். தீனதயாளன் வாங்கவில்லை. இந்த ஒரு பொய்யிலாவது நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார். பரவாயில்லை சார், போடாவிட்டால் பழைய அறுபதே இருக்கும், இரண்டும் ஒன்றுதான் என்றார் இன்ஜினியர். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார்.

"நீங்க முதல்ல எழுதிக் குடுத்ததே சரிதான் சார். வீணா பயப்படாதீங்க. உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் கெட்டவரில்லை. அதுதான் தீனதயாளனால் தாங்க முடியவில்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்கலாம். ரோட்டில் உட்கார்ந்த சுப்புராயன் கெட்டவரில்லை, பில் போடாத பாய் கெட்டவரில்லை. கோபித்துக்கொள்ள ஒரு ஆளைத் தேடித் தேடிக் கடைசியில் அவர் தன்னிடமே வந்து நின்றார். பாய் வந்து தோளைப் பிடித்து, கோர்ட்டுக்குப் போகலாம் தீனா, நான் சாட்சி சொல்றேன் என்றார். கோர்ட்டில் காட்ட என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தெரியும். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பாய் போனார்.

மத்தியானம் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சாயங்காலக் கடைக்கு மாவு அரைக்க வேண்டும். பாய் வீட்டுக்கும் தன் வீட்டுக்குமாகத் தேவிப்ரியா குடம் சுமந்தாள். பாயின் மனைவி ரஜியா பாபி வாசல் வரை வந்து ஒரு குடம் கொடுத்துவிட்டுப் போனாள். தீனதயாளன் பின்பக்கம் போய் போர் வாயின் மேல் ஒரு கடப்பைக் கல்லைத் தூக்கிப் போட்டு மூடினார். மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

தானே சிமெண்ட் பால் வாங்கி ஊற்றினாலும் அது அந்த ஒயர்க் குப்பையைத் தாண்டி இறங்காது. விற்றுவிடலாமா என்று யோசித்தார். வாங்குகிறவனிடம் உண்மையைச் சொன்னால் வாங்க மாட்டான். சொல்லாமல் விற்றால் அவன் பிள்ளைகள் இங்கே படுக்கும். ஊருக்கு வந்துவிடு என்று தங்கையைக் கூப்பிடலாமா என்று யோசித்தார். வாய்க்கால் ஓரத்து நிலத்தில் இப்போது யாரோ வாழை போட்டிருக்கிறார்கள். கச்சிராயபாளையத்தில் வந்து என்ன செய்வாள், யாருக்கு இட்லி விற்பாள், பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும்? ஒவ்வொன்றாக யோசித்து ஒவ்வொன்றாக விட்டார்.

தேவிப்ரியா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து எதிரில் குந்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுதிருந்தால்கூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மிசின் எப்ப வருதாம்ண்ணா?"

"ரெண்டு வருசம் ஆவும்னாங்க. மூணும் ஆவுமாம்."

"அதுக்கப்பறம் நாங்க இங்க இருக்கலாமா, கூடாதா? நீ சொல்லு. நீ சொன்னா சரியா இருக்கும்."

தீனதயாளன் வாயைத் திறந்தார். இருக்கலாம் என்று சொல்ல வந்தது. அப்படி வாய்க்கு வந்ததைச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம் என்பதும் உடனே வந்தது. இருக்காதே என்று சொல்வதற்கு, வேறு எங்கே என்று அவரிடம் ஒரு இடம் இல்லை. பிறந்ததிலிருந்து தங்கை கேட்டு அவர் பதில் சொல்லாமல் இருந்தது கிடையாது. பள்ளிக்கூடம் போகட்டுமா என்று கேட்டபோதும், இந்த மாப்பிள்ளை சரியா என்று கேட்டபோதும் பட்டென்று சொன்னவர்தான்.

"தெரியலம்மா" என்றார்.

தேவிப்ரியா அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் எதுவும் தெரியவில்லை. அண்ணனைப் பார்த்து இரக்கப்படுகிறாள் என்று தெரிந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி வுடுண்ணா. நான் இன்னியிலருந்தே புள்ளைங்கள வாசப்பக்கமா படுக்க வச்சிப் பழக்கிர்றேன். அப்பதான் எதுனா ஒண்ணுன்னா எந்திரிச்சி ஓட வாகா இருக்கும்."

சொல்லிவிட்டு எழுந்து, ஊற வைத்த அரிசியைக் கிரைண்டரில் போடப் போனாள்.